விண்டோஸ் மாற்றிய பழைய கணினியில் மிச்சம் கிடப்பவை: எதை எடுப்பது, எதை விடுவது

விண்டோஸ் 7 இருந்த கணினியில், உள்ளே இருப்பதை அழிக்காமல் அதன் மேலேயே விண்டோஸ் 10-ஐ ஏற்றினால் பழைய புரோகிராம்கள் அத்தனையும் கூடவே வந்துவிடும். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) புது வீட்டுக்குப் போகிறவர்கள் ஓட்டைப் பானையையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போவது போலத்தான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைகளிலும் கொமியுனிகேஷன் கடைகளிலும் தோட்டத்து ஒபிஸ்களிலும் இப்படி ஏற்றிய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. அதனால் இருப்பதை ஒழுங்காக ஓட வைப்பதுதான் வழி.

கைவைப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்கில் சும்மா கிடக்கும் புரோகிராம் வேறு. கணினி எழும்பும்போது தானும் எழும்பி உட்காரும் புரோகிராம் வேறு. முதலாவது வகை இடத்தை மட்டுமே பிடிக்கும். கணினியை இழுத்துப் பிடிப்பது இரண்டாவது வகைதான். காலாவதியான அன்டிவைரஸ், டொங்கிள் (இணையத்துக்காகச் செருகும் யூஎஸ்பி மோடம்) புரோகிராம், பிரிண்டரோடு வந்த கண்காணிப்புப் புரோகிராம், விதவிதமான 'அப்டேட்டர்'கள் எல்லாம் இதில் சேரும். முதலில் போக வேண்டியவை இவை. ஐந்து வருடமாகத் திறக்காத ஒரு விளையாட்டை எடுத்ததால் எந்தக் கணினியும் வேகமானதில்லை.

தொடங்கும் முன்

மேம்படுத்திய அன்றே சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு விண்டோஸ் பின்னால் நிறைய வேலை செய்துகொண்டிருக்கும்: அப்டேட் இறக்கும், ட்ரைவர் (பிரிண்டர் போன்ற சாதனங்களை விண்டோஸோடு இணைக்கும் புரோகிராம்) தேடும், பைல்களுக்கு அட்டவணை போடும். என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதைப் பார்த்துப் பழைய புரோகிராம்களின் மேல் பழி போட்டுவிடுவோம். ஒரு நாள் முழுக்க இணையத்தோடு ஓட விட்டு, இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்த பிறகு பாருங்கள். டேட்டா பெக்கேஜில் ஓடும் இடமென்றால் அப்டேட்டை இரவு டேட்டாவுக்குத் தள்ளி வைப்பது நல்லது.

அடுத்தது ரீஸ்டோர் பொயின்ட். பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பல மெஷின்களில் அணைந்தே கிடக்கும். ஸ்டார்ட்டில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தெரிவு செய்து, 'கொன்ஃபிகர்' போய் இயக்குங்கள். 4 அல்லது 5 ஜிபி ஒதுக்கினால் போதும். பிறகு 'கிரியேட்'. இது புரோகிராம்களையும் ட்ரைவர்களையும்தான் பழைய நிலைக்குக் கொண்டு வரும், ஆவணங்களைக் காப்பாற்றாது. அவற்றைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ தனியாகக் கொப்பி எடுக்க வேண்டும்.

கரண்டையும் யோசியுங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைநாட்டில் பிற்பகல் ஆனால் இடி மின்னல்தான். மேசைக் கணினியில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைவர் ஒன்றை அகற்றும் நடுவில் கரண்ட் போனால் பாதி அகன்று பாதி நிற்கும். அது முழுதாக இருந்ததைவிட மோசம். யூபிஎஸ் இருந்தாலும் பெட்டரி உண்மையில் தாங்குகிறதா என்று ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் டொட் ஓல்ட்: அவசரப்படக் கூடாத இடம்

சி டிரைவைத் திறந்தால் 'விண்டோஸ் டொட் ஓல்ட்' என்று ஒரு போல்டர் நிற்கும். பழைய விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. 10 ஜிபியிலிருந்து 30 ஜிபி வரை பிடிக்கும். சி டிரைவை 50, 60 ஜிபிக்கு வெட்டி மிச்சத்தை டி-க்குக் கொடுத்த மெஷின்களில் இது பெரிய தொகை. அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இதை அழிக்கக் கை துருதுருக்கும்.

ஆனால் பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போகும் வழியும் அதுதான். மேம்படுத்தி 10 நாட்கள் வரை 'ரிக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' வேலை செய்யும். அதற்குப் பிறகு விண்டோஸே அந்தப் போல்டரை அழித்துவிடும். ஆக 10 நாளுக்குள் எல்லாம் ஓடுகிறதா என்று சோதிப்பதுதான் உங்கள் வேலை. பிரிண்டரில் ஒரு பக்கம் அடியுங்கள். ஸ்கேனரில் ஒன்று எடுங்கள். தோட்டத்து ஒபிஸ் என்றால் செக்ரோல் (தொழிலாளர் சம்பளக் கணக்கு) புரோகிராமைத் திறந்து போன மாதச் சம்பளப் பட்டியல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாடசாலை என்றால் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து எழுத்துரு சரியா என்று பாருங்கள்.

அந்த எழுத்துரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பைல் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைப் போட்டால் அப்படியே திரும்பி வரும். மேம்படுத்தும்போது எழுத்துருக்கள் வழக்கமாகக் கூடவே வரும். டிஸ்கை ஃபோர்மட் செய்யாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால் வராது; ஆனால் விண்டோஸ் டொட் ஓல்டுக்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபொன்ட்ஸ்' என்று போனால் பழைய எழுத்துருக்கள் இருக்கும். வேண்டியதைக் கொப்பி எடுத்து ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டோல்' கொடுங்கள். அப்படிப் புதிதாகப் போட்ட மெஷினில் பழைய டெஸ்க்டொப்பும் டொகியுமென்ட்ஸும்கூட விண்டோஸ் டொட் ஓல்டின் 'யூசர்ஸ்' போல்டருக்குள்தான் கிடக்கும். அதை முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள். விண்டோஸின் 32 பிட் பதிப்பிலிருந்து 64 பிட் பதிப்புக்கு மாறியவர்கள் எல்லோரும் இந்த வகைதான், ஏனென்றால் அந்த மாற்றத்தை மேலேயே ஏற்றிச் செய்ய முடியாது.

32-இலிருந்து 64-க்குப் போனவர்களுக்கு இன்னொன்று. டொஸ் காலத்துப் பழைய கணக்குப் புரோகிராம்கள் 16 பிட்டில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் அவை நேரடியாக ஓடவே ஓடாது. என்ன செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை. அப்படி ஒன்றை நம்பி ஒரு ஒபிஸ் ஓடினால் 64 பிட்டுக்கு மாறும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு அழிக்கலாம். 'டிலீட்' அடித்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று போய் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதற்கு டிக் போட்டு 'ரிமூவ்' கொடுங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கு டிக் போட்டுவிடாதீர்கள். அது குப்பை இல்லை, உங்கள் டவுன்லோட்ஸ் போல்டரேதான்: புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், வங்கி அறிக்கைகள், பிள்ளைகள் இறக்கி வைத்த எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் இந்த வேலை அரை மணி நேரத்துக்கு மேலும் போகலாம். நின்றுவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

அன்டிவைரஸ்

விண்டோஸ் 10-இல் மைக்ரோசொப்டின் சொந்த அன்டிவைரஸான டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. இன்னொரு அன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் இங்கேதான் வருகிறது. லைசென்ஸ் முடிந்து இரண்டு வருடமான அன்டிவைரஸ் சில நேரம் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; டிஃபெண்டரோ ஒதுங்கி நிற்கும். கடைசியில் காவலுக்கு யாருமே இல்லை. பென் டிரைவ் நாளுக்கு இருபது ஏறி இறங்கும் கொமியுனிகேஷன் கடையில் இது சின்ன விஷயமில்லை.

கொன்ட்ரோல் பெனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' திறந்து முதலில் வழக்கமான முறையில் அகற்றுங்கள். அகற்றியதும் ஷட் டவுன் செய்து மறுபடி போடாதீர்கள், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 10-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருப்பதால் ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உள்மையம் (கேர்னல்) தூங்கப் போய்த் திரும்ப எழும்பும். அகற்றும் வேலையின் கடைசிப் பகுதி ரீஸ்டார்ட்டில்தான் முடியும்.

அதன் பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பாருங்கள். பழைய பெயர் இன்னும் தெரிந்தால், அல்லது டிஃபெண்டரை இயக்க விடாவிட்டால், அது பாதிதான் போயிருக்கிறது. பெரிய அன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கென்றே தனி அகற்றும் கருவி வைத்திருக்கின்றன. எந்த நிறுவனத்தின் அன்டிவைரஸோ அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் வேறு தளங்களில் வேண்டாம். சில கருவிகள் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் எழும்பும் நிலை) ஓட்டச் சொல்லும். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீலத் திரை வரும். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று போய் 4-ஐ அழுத்துங்கள். கருவியை முன்பே டெஸ்க்டொப்பில் இறக்கி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 4-ஐ அழுத்திய சேஃப் மோடில் இணையம் இருக்காது.

மற்றப் புரோகிராம்களையும் சேஃப் மோடிலேயே அகற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் இன்ஸ்டோலர் சேவை அங்கே வழக்கமாக ஓடாது. அதை நம்பியிருக்கும் புரோகிராம்கள் பிழை காட்டி நின்றுவிடும்.

டொங்கிள்கள்

மலைநாட்டுக் கணினிகளுக்கே உரிய குப்பை இது. எந்தச் சந்தியில் எந்த சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்ப டொங்கிள் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் தன் புரோகிராமை, தன் சேவையை, தன் ட்ரைவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். வெளியே நிறுவனத்தின் நிறமும் பெயரும் வேறாக இருந்தாலும் உள்ளே ஹுவாவேயின் 'மொபைல் பார்ட்னர்' ஒன்றேதான் என்பதும் உண்டு. இரண்டு மூன்று ஒன்றாக இருந்தால் ஒன்று திறந்த போர்ட்டை மற்றது பிடித்துக்கொள்ளும். 'டிவைஸ் நொட் ஃபவுண்ட்' என்று வருவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

எல்லா டொங்கிளையும் கழற்றிவிட்டு, இப்போது பாவிக்காதவற்றின் புரோகிராம்களை ஒவ்வொன்றாக அகற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு டிவைஸ் மெனேஜரைத் திறந்து 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். 'மோடம்ஸ்', 'நெட்வொர்க் அடெப்டர்ஸ்', 'போர்ட்ஸ்' மூன்றிலும் மங்கலாகத் தெரிபவை இப்போது செருகப்படாத சாதனங்கள். பழைய டொங்கிளின் பெயர் தெரிபவற்றை மட்டும் ரைட் கிளிக் செய்து அகற்றுங்கள். ட்ரைவரையும் அழிக்கவா என்று டிக் பெட்டி வந்தால் போடலாம். மங்கலாக இருக்கிறதே என்று 'சிஸ்டம் டிவைசஸ்', 'ஸ்டோரேஜ்' பக்கம் போய்விடாதீர்கள். அங்கே மங்கலாக இருப்பதெல்லாம் குப்பை இல்லை.

இப்போதைய டொங்கிள் 'ஹைலிங்க்' வகை என்றால் அதற்குப் புரோகிராமே தேவையில்லை. செருகினால் நெட்வொர்க் கார்ட் போல வேலை செய்யும், பிரவுசரில் 192.168.8.1 அடித்தால் அதன் பக்கம் திறக்கும். டொங்கிளைச் செருகும்போது ஒரு சீடி டிரைவும் தோன்றி 'இன்ஸ்டோல் செய்யவா' என்று கேட்டால், இணையம் ஏற்கெனவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் மூடிவிடுங்கள்.

பிரிண்டர்

ஒரே பிரிண்டர் 'கொப்பி 1', 'கொப்பி 2' என்று நிற்பது மேம்படுத்தலுக்குப் பிறகு சாதாரணம். எது உண்மையில் அடிக்கிறது என்று பார்த்து மற்றதை அகற்றினால் பெயர் போகும், ட்ரைவர் போகாது. செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் 'பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸ்' இருக்கும். அதில் 'ட்ரைவர்ஸ்' தாவலில் பழைய பெயரைத் தெரிவு செய்து 'ரிமூவ்', பிறகு 'ட்ரைவரும் பெக்கேஜும்' என்ற தெரிவு. பாவனையில் இருக்கிறது என்று மறுத்தால் 'சேர்விசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை ரீஸ்டார்ட் செய்து, எதையும் அச்சிடாமல் உடனே திரும்ப முயலுங்கள். புதிய ட்ரைவரைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். பிரிண்டரோடு வந்த சீடியில் விண்டோஸ் 7 காலத்து ட்ரைவர்தான் இருக்கும்.

பட்டியலில் எது போகலாம், எது கூடாது

'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 'இன்ஸ்டோல்ட் ஒன்' திகதியை நம்பாதீர்கள். மேம்படுத்திய பிறகு பல புரோகிராம்களுக்கு மேம்படுத்திய நாளே விழுந்திருக்கும். பெயரையும் வெளியிட்ட நிறுவனத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தயங்காமல் அகற்றக்கூடியவை சில. ஃப்ளாஷ் பிளேயரின் காலம் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் ஓட்டுவதுமில்லை. சில்வர்லைட் 2021 ஒக்டோபரில் முடிந்தது. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016-இலேயே கைவிட்டுவிட்டது. திருத்தப்படாத ஓட்டைகளோடு நிற்கிறது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. பிரவுசர் டூல்பார்கள், 'ட்ரைவர் பூஸ்டர்' வகையறாக்கள், 'பிசி வேகமாக்கி'கள் எல்லாவற்றையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜாவா பல பதிப்பாக நிற்கும். ஜாவாவில் ஓடும் புரோகிராம் எதுவும் இல்லையென்றால் எல்லாம் போகலாம். இருந்தால் புதியது ஒன்று போதும்.

விண்டோஸ் லைவ் மெயில் மட்டும் கவனம். அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தாலும், பழைய ஒபிஸ் கடிதங்கள் அந்தக் கணினிக்குள் மட்டுமே இருக்கக்கூடும். 'எக்ஸ்போர்ட்' செய்து வெளியே எடுத்த பிறகே அகற்றுங்கள்.

தொடக் கூடாதவை: 'மைக்ரோசொப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று 2005, 2008, 2010 என ஆண்டு போட்டு ஏழெட்டு வரிகள் நிற்கும். ஒரே பொருள் திரும்பத் திரும்ப இருப்பது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்பும் வெவ்வேறு புரோகிராமுக்கு வேண்டியது. 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் பதிப்பு வேண்டும். இவற்றை அகற்றி மிஞ்சும் இடம் அற்பம்; எந்தப் புரோகிராம் திறக்க மறுக்கும் என்பது அடுத்த மாதச் சம்பள நாளில்தான் தெரியவரும். இன்டெல், ரியல்டெக் பெயரில் இருப்பவற்றையும் விட்டுவிடுங்கள்.

தமிழ் தட்டச்சுப் புரோகிராம்கள் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விசையைப் பிடித்தால் எழுத்து இரட்டிக்கும், அல்லது வேறொன்று விழும். பாமினியில் அடிப்பவருக்கு எழுத்துரு மட்டும் போதும், புரோகிராம் தேவையில்லை.

அகல மறுப்பவை

'ஏற்கெனவே அகற்றப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து நீக்கவா' என்று கேட்டால் 'யெஸ்' கொடுத்துவிட்டுப் போகலாம். அங்கே பெயர் மட்டும்தான் மிச்சம். நிறுவல் பைலைக் காணவில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டு என்று கேட்டால் கதை வேறு. சி டிரைவில் 'விண்டோஸ்' போல்டருக்குள் 'இன்ஸ்டோலர்' என்று மறைந்திருக்கும் போல்டரை யாரோ, அல்லது ஏதோ ஒரு 'கிளீனர்', காலி செய்திருக்கும். அகற்றுவதற்கான வழிமுறை அதற்குள்தான் இருந்தது. மைக்ரோசொப்ட் இதற்கென்று 'புரோகிராம் இன்ஸ்டோல் அண்ட் அன்இன்ஸ்டோல் ட்ரபிள்ஷூட்டர்' என்ற இலவசக் கருவியைத் தருகிறது. அதில் பட்டியலில் இருந்து பெயரைத் தெரிவு செய்தால் பதிவுகளைத் துடைத்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே இன்ஸ்டோலர் போல்டரையும், 'புரோகிராம் டேட்டா'வுக்குள் இருக்கும் 'பெக்கேஜ் கேஷ்' போல்டரையும் ஒருபோதும் கையால் அழிக்க வேண்டாம்.

விண்டோஸின் செட்டிங்குகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்களும் வேண்டாம். 'ஆயிரம் பிழைகள்' என்று சிவப்பில் காட்டுவதெல்லாம் சில கிலோபைட் எழுத்துகள்தான். அழித்தால் வேகம் கூடாது. தவறி அழித்தால் பிரிண்டரோ மைக்ரோசொப்ட் ஒபிஸ் புரோகிராமோ நின்றுவிடும்.

அகற்றிய பிறகும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' இரண்டிலும் வெற்றுப் போல்டர்கள் நிற்கும். உடனே அழிக்காமல் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்து ஒரு வாரம் விடுங்கள். ஒன்றும் அழவில்லை என்றால் அழியுங்கள்.

எழும்பும்போது எழும்புபவை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர். 'ஸ்டார்ட்அப்' தாவலில் படமில்லாமல் வெறுமனே 'புரோகிராம்' என்று ஒரு வரி நின்றால், அது ஏற்கெனவே அகன்றுவிட்ட ஏதோ ஒன்றின் நிழல். 'டிஸேபிள்' கொடுங்கள். எழும்பியதும் 'ரன்டிஎல்எல்' என்று தலைப்பிட்டு, குறிப்பிட்ட மொடியூலைக் காணவில்லை என்று பெட்டி வந்தால் அதுவும் இதே கதைதான். வைரஸ் இல்லை, ஆள் போய்விட்டார், கூப்பிடுகிறவர் மட்டும் இன்னும் நிற்கிறார்.

இந்த மிச்சங்களை ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் 'ஓட்டோரன்ஸ்' இலவசக் கருவி போதும். அட்மினாகத் திறந்து, மெனுவில் மைக்ரோசொப்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் தெரிபவை பைலே இல்லாத வரிகள். அவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள், டிலீட் வேண்டாம். ஏதாவது நின்றால் டிக்கைத் திரும்பப் போடலாம். இளஞ்சிவப்பு என்பது கையொப்பம் சரிபார்க்கப்படாதது என்று மட்டுமே பொருள்; பழைய பிரிண்டர் ட்ரைவர்களும் அந்த நிறத்தில் வரும்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் செய்து, பவர் பட்டனிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை எவ்வளவு நேரம் என்று போனில் பிடித்துப் பாருங்கள். சி டிரைவில் 15, 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் ஏறாமல் திரும்பும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குக் கணினி பதிந்திருக்கிறதா என்றும் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்புக்குத்தான் அது கிடைக்கும், 2026 ஒக்டோபர் 13 வரை.

இத்தனைக்குப் பிறகும் நேரம் மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் தேட வேண்டியது புரோகிராம்களில் இல்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) ஒன்றுக்கு இப்போதிருக்கும் சுத்தமான நிலையை அப்படியே குளோன் செய்யுங்கள்.